வகுப்பறையில் போட்டியா, கூட்டுக் கற்றலா? பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னிப் பாடசாலைகளில் நடப்பது பெற்றோர் கூட்டமானாலும் ஆசிரியர் பயிற்சி அமர்வானாலும், இடம் கிளிநொச்சியானாலும் துணுக்காயானாலும் நெடுங்கேணியானாலும், பேச்சு எங்கே தொடங்கினும் "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்ற கேள்விக்கே வந்து சேர்கிறது. பிள்ளைகளை ஒருவரோடொருவர் மோதவிடாமல் ஒன்றாகக் கற்கவும் தாமாகச் சிந்தித்து ஆக்கவும் விடுங்கள் என்று சொல்லும்போது எழும் ஐயங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

நாலு பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி இருத்திவிட்டால் அது கூட்டுக் கற்றல் ஆகிவிடுமா?

ஆகாது. நான்கு பிள்ளைகள் ஒரு மேசையில் இருந்து நான்கு கொப்பிகளில் ஒரே பயிற்சியைத் தனித்தனியே செய்தால் அது இடநெருக்கடி மட்டுமே. கூட்டுக் கற்றலுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கொடுக்கப்படும் வேலை ஒருவரால் மட்டும் முடிக்க இயலாததாக இருக்க வேண்டும். முடிவில் எந்தப் பிள்ளையைத் தனியே எழுப்பிக் கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

இவ்விரண்டையும் நிறைவேற்றும் வழி ஒன்றை, 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஒஸ்ரின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் வகுத்தார்கள். வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் இருத்தப்பட்டு, பகை முற்றியிருந்த பாடசாலைகள் அவை. நம் வகுப்பில் அதை இப்படிச் செய்யலாம். 24 பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட ஆறு குழுக்களாக்கி, "எமது மாவட்டத்தின் நீர்வளம்" என்ற பாடத்தைக் குளங்கள், கிணறுகள், களப்புகள், பருவமழை என நான்காகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு பகுதியைக் கொடுங்கள். குளங்கள் என்ற பகுதியைப் பெற்ற ஆறு பேரும் முதலில் ஒன்றுகூடி அதை நன்கு விளங்கிக்கொள்வர்; பின்னர் தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் கற்பிப்பர். வகுப்பில் எப்போதும் பேசாத பிள்ளையிடம்தான் களப்புகள் பற்றிய பகுதி இருக்கிறதென்றால், மற்ற மூவரும் அந்தப் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டேயாக வேண்டும்.

போட்டி இல்லாவிட்டால் பிள்ளை ஏன் படிக்கப் போகிறான்? பரிசு என்றால்தானே புத்தகத்தைத் தொடுகிறான்?

பரிசுக்காகத் தொடும் பிள்ளை, பரிசு நின்றதும் கையை எடுத்துவிடுகிறான் என்பதே கவலைக்குரியது. 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும், வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள முன்பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு எதிர்பாராத வேளையில் அதே சான்றிதழ் கொடுக்கப்பட்டது. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாள்களின் பின் பேனாக்களை மேசையில் வைத்து எதுவும் சொல்லாமல் விட்டபோது, முன்கூட்டியே வாக்குறுதி பெற்ற பிள்ளைகள் மற்ற இரு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய அரைவாசி நேரமே வரைந்தனர்.

எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளின் விருப்பம் குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாராட்டை முன்னே தொங்கவிட்டு இழுக்காதீர்கள் என்கிறேன்.

தரம் ஐந்து, சாதாரண தரம், உயர்தரம் என்று நாடே போட்டியாக இருக்கும்போது வகுப்பில் மட்டும் போட்டி வேண்டாம் என்றால் எப்படி?

அந்தப் போட்டிகள் யாருக்கிடையே நடக்கின்றன என்று முதலில் பார்ப்போம். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்களுக்குமாக 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டம் முழுவதற்குமாக அமைகிறது. உயர்தரத்தில் கணிக்கப்படும் இசட் புள்ளி, அந்தப் பாடத்துக்கு நாடு முழுவதும் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதைக் காட்டுவது. இவ்விரண்டிலும் "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை" என்ற எண்ணுக்கு இடமேயில்லை. 28 பேர் கொண்ட வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருபவர் வெட்டுப்புள்ளியை எட்டாமலும் போகலாம். எட்டாம் பிள்ளை எட்டவும் கூடும். அதாவது வகுப்புக்குள் நடக்கும் போட்டி, பரிசே இல்லாத ஒரு போட்டி. பக்கத்து மேசைப் பிள்ளை பின்னம் விளங்கிக்கொண்டதால் உங்கள் பிள்ளையின் ஒரு புள்ளிகூடக் குறையப் போவதில்லை.

பரீட்சையை நான் பழிக்கவுமில்லை. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் காலத்தில் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரிகளின் கதவைத் திறக்கவே புலமைப்பரிசில் தோன்றியது. அதைப் பிள்ளைகளின் படம் போட்ட பதாகையாக்கிச் சந்தியில் கட்டியது பின்னாளைய பழக்கம். பத்து வயதுப் பிள்ளையின் படம் பதாகையில் இல்லாமற்போவதும் ஊருக்குத் தெரியும் என்பதைக் கட்டுபவர்கள் நினைப்பதில்லை.

முதலாம், இரண்டாம் பிள்ளை என்று நிலை போடாவிட்டால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நிலை உங்களுக்குச் சொல்வது மிகக் குறைவு. "ஒன்பதாம் பிள்ளை" என்பதிலிருந்து, பிள்ளைக்குப் பெருக்கல் வருகிறதா, வாசித்ததை விளங்கிக்கொள்கிறதா என்று எதுவும் தெரியாது. முன்னேற்ற அறிக்கையைக் கையில் வாங்கும்போது, சென்ற தவணை செய்யத் தெரியாத எதை இந்தத் தவணை செய்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பரீட்சைக்குப் பேர்போன சிங்கப்பூரே, ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளின் அறிக்கைப் புத்தகங்களில் வகுப்பு நிலையைக் குறிப்பிடுவதை 2019 முதல் நிறுத்திவிட்டது.

இங்கே இன்னொன்றும் உண்டு. போர் நடந்த 2006க்கும் 2009க்கும் இடையே பாடசாலையில் இருந்திருக்க வேண்டியவர்கள் பலர் இன்று தரம் ஐந்துப் பிள்ளைகளின் பெற்றோர். இடப்பெயர்வில் படிப்பு அறுந்த தாய்க்கும், அறுபடாத தாய்க்கும், மாலையில் பிள்ளைக்கு உதவ இருக்கும் வசதி ஒன்றல்ல. வகுப்பில் போடப்படும் நிலை பல வேளைகளில் வீடுகளுக்குப் போடப்படும் நிலையாகவே ஆகிவிடுகிறது.

ஆக்கத்திறன் என்றால் சித்திரமும் சங்கீதமும்தானே சேர்? கணக்கில் என்ன ஆக்கத்திறன் இருக்கிறது?

கணக்கில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆசிரியர் ஒருவர் தரம் 9க்கு இப்படியொரு கணக்கைக் கொடுக்கலாம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை. ஒரு குளத்தில் சிறுபோகத்திற்கு 600 ஏக்கர் அடி நீர் விடலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்திற்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி. அது 43,560 கன அடி. நெல்லுக்கு ஏக்கருக்கு நான்கு அடி நீர் வேண்டும் என்று கொண்டால் 150 ஏக்கர்தான் விதைக்கலாம். ஆனால் குளத்தின் கீழ் 300 ஏக்கர் வயலும் 120 குடும்பங்களும் இருக்கின்றன. எப்படிப் பங்கிடுவது?

பிரித்தல் கணக்கு இங்கே இரண்டு வரியில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் வகுப்பு விழித்துக்கொள்ளும். குடும்பத்துக்கு ஒன்றேகால் ஏக்கர் எனச் சமமாகக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். அப்படியென்றால் பத்து ஏக்கர்க்காரர் ஒப்புக்கொள்வாரா, ஒவ்வொருவரும் தம் காணியில் பாதியை விதைக்கட்டும் என்பார் இன்னொருவர். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை, பாதி நீர் தன் வரம்புக்கு வந்து சேருவதேயில்லை என்று சொல்லும். அது புத்தகத்தில் இல்லாத தரவு. நெல்லே ஏன் விதைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பாடவேளை வென்றுவிட்டது எனலாம். உழுந்துக்கோ பயறுக்கோ ஓர் அடி நீர் போதும் என்று வைத்துக்கொண்டால், 100 ஏக்கர் நெல்லுக்கு 400, 200 ஏக்கர் பயறுக்கு 200, ஆக 600. முழு வயலும் பச்சையாகிவிடும். பயறு யாருக்கு, நெல் யாருக்கு என்ற அடுத்த சண்டைக்கும் அங்கே இடமிருக்கிறது.

இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் கமக்காரர் அமைப்புகள் கூட்டம் கூடிப் பேசி முடிவெடுக்கும் விடயம் இது. வீட்டில் அப்பாவும் மாமாவும் வாதிடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அதே வாதத்தை எண்களோடு நடத்துகிறார்கள். ஒரே விடை உள்ள கணக்குகளை மட்டும் கொடுத்துப் பழக்கினால், முதலில் கையுயர்த்துபவர் யார் என்பதைத் தவிர வேறெதற்கும் வகுப்பில் இடமிருக்காது.

கெட்டிக்காரப் பிள்ளை மெல்லக் கற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் தன் படிப்பில் பின்தங்காதா?

விளக்கிச் சொல்லும் பிள்ளை பின்தங்குவதில்லை. சிறு குழுக்களில் கற்றலை நீண்டகாலம் ஆராய்ந்த நோரீன் வெப், விரிவாக விளக்கம் கொடுக்கும் பிள்ளைகளின் அடைவு உயர்வாக இருப்பதையும், விளக்கமின்றி விடையை மட்டும் பெற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பயன் கிட்டாததையும் கண்டார். பின்னத்தை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று தோழிக்குச் சொல்ல முயலும்போதுதான், தனக்கே அது விளங்கவில்லை என்பது பல "கெட்டிக்காரர்களுக்கு"த் தெரியவரும்.

ஆனால் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. எப்போதும் ஒரே பிள்ளையைச் சம்பளமில்லாத உதவி ஆசிரியராக்கி வைத்திருப்பது சரியன்று. பாடத்துக்குப் பாடம் ஆள் மாற வேண்டும். வயல், கடல், காடு பற்றிய பகுதிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், வேறு பாடங்களில் பின்வரிசையில் இருப்பவராகவும் இருக்கலாம்.

குழுவேலை என்றால் ஒருத்தி எல்லாம் செய்ய மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு என்ன வழி?

இது நம் பிள்ளைகளின் குணக்கேடு அன்று. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்விலேயே, கயிறிழுக்கும் ஆள்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைவது பதிவாகியிருக்கிறது. தன் பங்கு தனியே தெரியும் என்றால் அந்தச் சோர்வு பெருமளவு நீங்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே முதல் பதிலில் சொன்ன இரண்டாவது நிபந்தனையைக் கைவிடாதீர்கள். குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். யார் விளக்குவது என்பதைக் குழு தீர்மானிக்கக் கூடாது, கடைசி நிமிடத்தில் திருவுளச்சீட்டு எடுத்து நீங்கள் தீர்மானியுங்கள்.

கூடிப் படிக்கச் சொன்னால் பார்த்து எழுதப் பழகிவிடுவார்களே?

பார்த்து எழுதிய பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்டால் பதில் வராது. அந்த ஒரு கேள்வியே போதிய காவல்.

அப்படியென்றால் தமிழ்த்தினப் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொல்கிறீர்களா?

நிறுத்தச் சொல்லவில்லை, அங்கே போட்டியிடுவது யார் என்று கேட்கிறேன். ஆசிரியர் எழுதிய பேச்சை, அக்கா திருத்திக்கொடுக்க, பிள்ளை மனனம் செய்து, கையை எங்கே உயர்த்துவது என்பதையும் பழகிக்கொண்டு மேடையேறுகிறது. நடுவர்கள் மூவரும் அதை அறிவார்கள். வெற்றி யாருடையது?

போட்டிக்கும் ஆக்கத்திறனுக்கும் உள்ள உறவை உளவியலாளர் தெரேசா அமபில் 1982இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகத் தொட்டது. 7 முதல் 11 வயதுச் சிறுமிகளில் ஒரு பிரிவினர் பரிசுக்குப் போட்டியிடுவதாக எண்ணியும், இன்னொரு பிரிவினர் அந்த எண்ணமின்றியும் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்தனர். யாருடையது எது என்றறியாத ஓவியர்கள் மதிப்பிட்டபோது, போட்டியிட்டவர்களின் படங்களே ஆக்கத்திறன் குறைந்தவையாகக் கணிக்கப்பட்டன. வெல்ல வேண்டியிருக்கும்போது பிள்ளை தெரிந்த வழியிலேயே நடக்கும். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் துணிவு அங்கே வீண் ஆபத்து.

நம்மிடம் வேறொரு வடிவமும் இருக்கிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுவோரையும் மத்தளக்காரரையும் பிற்பாட்டுக்காரரையும் பாருங்கள். அங்கே முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்ற பேச்சில்லை, பிற்பாட்டு பிசகினால் கோவலனும் பிசகுவார். பாடசாலையில் ஒரு தவணைக்கு ஒரு சிறு கூத்தையோ நாடகத்தையோ பிள்ளைகளே எழுதி ஆடுவது, பத்துப் பேச்சுப் போட்டிகளைவிட மொழியை வளர்க்கும் என்பது என் துணிபு.

விளையாட்டுப் போட்டி?

நடக்கட்டும். விதி எல்லோருக்கும் தெரியும், மாலைக்குள் முடிந்துவிடும், தோற்ற பிள்ளை மறுநாள் மறந்துவிடும். வகுப்பு நிலை அப்படி ஆண்டு முழுவதும் மறக்க விடுவதில்லை.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. இதையெல்லாம் எந்தப் பாடவேளையில் செய்வது?

எல்லாப் பாடவேளையிலும் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடத்திற்கு ஒரு பாடவேளை போதும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளைப் புரட்டினால் குழுச் செயற்பாடுகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. ஆரம்பப் பிரிவின் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்ற பாடத்தின் பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. நாம் அவற்றைத் தாண்டிக் கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விடுகிறோம்.

சத்தம் வருமே, அதிபரோ வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருபவரோ என்ன நினைப்பார்கள் என்று இளம் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. முன்கூட்டியே அதிபரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் மரநிழலுக்குப் போங்கள்.

எங்கள் பாடசாலையில் தரம் மூன்றில் ஐந்து பிள்ளைகள், தரம் நான்கில் ஏழு. இரண்டுக்கும் நான் ஒருத்திதான். எனக்கு இது சரிவருமா?

உங்களுக்குத்தான் மிகவும் சரிவரும். பன்னிரண்டு பேரில் நிலை போடுவது ஏற்கெனவே வேடிக்கையானது. இரு தரப் பிள்ளைகளையும் கலந்து மூன்று பேர் கொண்ட நான்கு குழுக்களாக்கினால், மூத்தவர் விளக்க இளையவர் கேட்பதும், சென்ற ஆண்டுப் பாடத்தை மூத்தவர் மீட்டிக்கொள்வதும் ஒன்றாக நடக்கும். நீங்கள் ஒரு குழுவோடு உட்கார மற்றவை தாமாக இயங்கும். ஆள் பற்றாக்குறையை நான் நியாயப்படுத்தவில்லை. நிரந்தர ஆசிரியருக்கான கோரிக்கையை எழுதிக்கொண்டே இருங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? கனடாவிலிருந்து சித்தி ஒவ்வொரு தவணையும் எத்தனையாம் பிள்ளை என்று கேட்கிறாவே.

சித்தியிடம் பிள்ளையே பேசட்டும். தான் செய்த ஒன்றைக் காட்டட்டும். வரைந்த வாய்க்கால் படத்தையோ எழுதிய நாலு வரியையோ தொலைபேசியில் அனுப்பிவைத்தால், அடுத்த முறை சித்தி அதைப் பற்றித்தான் கேட்பா. பெரியம்மாவின் மகளோடு ஒப்பிட்டுப் பேசுவதை இரு வீட்டாரும் பேசி நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் நிற்காது.

எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தால் சொந்தமாகச் சிந்திக்கும் பழக்கம் போய்விடாதா?

போய்விடக்கூடும்; இந்த எச்சரிக்கை சரியானதே. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், நான்கு பேர் கூடியிருந்து சொன்ன யோசனைகளைவிட, அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே எழுதியவற்றைச் சேர்த்தபோது கிடைத்த யோசனைகளே அதிகமாக இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். முதலில் வந்த யோசனை மற்றவர்களையும் தன் பக்கம் இழுத்துவிடும். அதனால் ஐந்து நிமிடம் எவரும் பேசாமல் தம் கொப்பியில் எழுதட்டும். பிறகு குழுவில் வைக்கட்டும். குளத்துக் கணக்கிலும் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால், வாய்க்கால் கடைசி வயல்காரரின் பிள்ளை வாய் திறக்காது.

பல்கலைக்கழகத்துக்கு மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. அப்போது என் மகளின் போட்டியாளர் பக்கத்து மேசையில்தானே இருக்கிறாள்?

மூன்றாவது பதிலை மடக்கும் கேள்வி இது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவு போன்று சனத்தொகை குறைந்த மாவட்டத்துக்கு மருத்துவம் போன்ற துறையில் கிடைக்கும் இடங்கள் சொற்பம். ஆகவே கடைசி இடத்தை உங்கள் மகளும் அவளுடைய தோழியும் எதிர்கொள்வது நடக்கக்கூடியதே. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அது உயர்தரத்தில், ஓரிரு துறைகளில், வெட்டுப்புள்ளியின் விளிம்பில் நிற்கும் ஒரு சிலருக்கு நேர்வது. அந்த ஒரு சிலருக்காகத் தரம் இரண்டிலிருந்தே எல்லாப் பிள்ளைகளையும் குறிப்புக் கொப்பி மறைக்கப் பழக்குவது என்ன கணக்கு? அந்த விளிம்பில் நிற்பவர்களுக்கும் கூடிப் படிப்பதே இலாபம். மாவட்டத்தில் ஒருவருடைய இசட் புள்ளி திறமைப் பட்டியலுக்கு உயர்ந்துவிட்டால், மாவட்ட ஒதுக்கீட்டு இடம் மற்றவருக்கு இருக்கும். இரசாயனவியலுக்கு ஆசிரியர் கிடைக்காத பாடசாலையில் கடந்தகால வினாத்தாளைச் செய்து பார்க்க, அந்தத் தோழியை விட்டால் உங்கள் மகளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

குழுவேலைக்குப் புள்ளி எப்படிப் போடுவது? எல்லோருக்கும் ஒரே புள்ளி என்றால் உழைத்த பிள்ளை அழுகிறது.

அழுவது நியாயமே. றொபேட் ஸ்லேவின் என்ற கல்வி ஆய்வாளர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வகுத்த முறையில், குழுவாகப் படித்த பின் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் சிறு பரீட்சை எழுதும்; தன் முந்தைய சராசரியைவிட எவ்வளவு முன்னேறியது என்பதைக் கொண்டே அது குழுவுக்குப் புள்ளி சேர்க்கும். 32 எடுத்துவந்த பிள்ளை 41 எடுத்தால், 80 எடுத்துவந்து 82 எடுத்த பிள்ளையைவிடக் குழுவுக்கு அதிகம் கொண்டுவருகிறது. ஆகவே கெட்டிக்காரர் அவரை ஒதுக்காமல் தேடிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார். ஏற்கெனவே 95க்கு மேல் எடுப்பவருக்கு முன்னேற இடமில்லையாதலால், அந்த மட்டத்தில் நிலைத்து நிற்பதற்கும் முழுப் புள்ளி கொடுத்துவிடுங்கள்.

இந்தப் புள்ளிகளைத் தவணை அறிக்கையில் சேர்க்காமல் வகுப்புச் சுவரில் மட்டும் வைத்திருங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குழுக்களைக் கலைத்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் நிலைப் பட்டியலுக்குப் பதிலாகக் குழுப் பட்டியல் ஒன்று வந்து அதே வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.